பழைய கார்பனா, புது அலுமினியமா? 1,500 வெள்ளிக்குள் முதல் ரோடு பைக்

செங்காங் புதியவன்

வணக்கம். சிங்கப்பூரில் ரோடு பைக், அதாவது ரோட்டில் வேகமாக ஓட்டும் சைக்கிள், ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள், இந்த வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை வாடகைச் சைக்கிளில் பொங்கோல் நீர்வழியிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும்தான் ஓட்டியிருக்கிறேன். வேலையிடத்து நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி சாங்கிப் பக்கம் போய்விட்டு, எங்காவது பிராட்டா சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் போகிற வேகத்துக்கு அந்தக் கனத்த வாடகைச் சைக்கிள் ஈடு கொடுக்காது, அதனால் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். மொத்தம் 1,500 வெள்ளி. தலைக்கவசம், விளக்கு, காற்றடிக்கும் பம்பு எல்லாம் இதற்குள்தான். வீட்டில் பேசி ஒப்புக்கொண்ட தொகை, இதற்கு மேல் போக மாட்டேன்.

இரண்டு பைக் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் பார்த்தது. 2016ல் வாங்கியதாம். தைவான் கம்பெனி, முழுக் கார்பன் ஃபிரேம், ஷிமானோ அல்டெக்ரா 6800 கியர் செட், பின்னால் 11 கியர், ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கவ்வுவது), அளவு 54. கேட்பது 1,200, பேசினால் 1,100க்கு இறங்கி வருவார் போலிருக்கிறது. படத்தில் புதிது மாதிரியே பளபளக்கிறது, எடை ஏழரைக் கிலோதானாம். "பெரும்பாலும் வீட்டுக்குள் டிரெயினரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டித்தான் ஓட்டினேன், ரோட்டில் அதிகம் போகவில்லை" என்று எழுதியிருக்கிறார். அது நல்ல விஷயம்தானே?

இரண்டாவது ஹவ்காங் பக்கம் ஒரு கடையில் இருக்கும் புதுப் பைக். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா, 9 கியர், கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக் (சக்கர நடுவில் இருக்கும் தட்டைக் கவ்வுவது). பொருள் சேவை வரியோடு சேர்த்து 1,250 வெள்ளி. பத்தரைக் கிலோ இருக்கும். முதல் சர்வீஸ் இலவசம் என்றார்கள்.

கிட்டத்தட்ட ஒரே காசுக்கு மூன்று கிலோ குறைவாகவும், கியரில் மூன்று படி மேலாகவும் கிடைக்கிறதே என்று மனசு பழையதின் பக்கமே போகிறது. ஆனால் எனக்கு டியூப் மாற்றுவதைத் தவிர ரிப்பேர் வேலை எதுவும் தெரியாது. என் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதை எடுப்பீர்கள்?

உபி ஸ்பேனர்

தம்பி, நான் பழைய பைக்குக்கு எதிரி இல்லை. எனக்கு வாய்த்த நல்ல பைக் எல்லாமே இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்றதுதான். ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் அந்த அல்டெக்ரா 6800. அதன் கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, ஒரே துண்டாக வார்த்தது இல்லை, இரண்டு அலுமினியத் துண்டுகளை ஒட்டிச் செய்தது, உள்ளே வெற்றிடம். சில கிராங்குகளில் அந்த ஒட்டு விட்டுப்போய், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிளந்துகொள்கிறது. 2023 செப்டம்பரில் ஷிமானோவே இதற்காக உலகம் முழுக்க ஒரு பரிசோதனைத் திட்டம் அறிவித்தது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 கியர் அல்டெக்ரா 6800, ஆர்8000, டியூரா ஏஸ் 9000, ஆர்9100 எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். வட அமெரிக்காவில் மட்டும் கிராங்க் பிரிந்ததாக 4,519 புகார்கள், ஆறு பேருக்குக் காயம், எலும்பு முறிவு உட்பட. நின்றுகொண்டு மிதிக்கும்போது கிராங்க் பிளந்துகொண்டால் எப்படி விழுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக 6800 என்றாலே ஓட வேண்டாம். கிராங்கின் உள்பக்கம், ஃபிரேமைப் பார்த்த பக்கம், இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று பொறித்திருக்கும், அதுதான் தயாரித்த மாதம். விற்பவரிடம் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "கடையில் கொடுத்துப் பரிசோதித்தீர்களா, மாற்றிக் கொடுத்தார்களா?" என்று நேராகவே கேளுங்கள். ஒட்டு விட்டிருந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள், அப்படி மாற்றிய பைக் என்றால் கிராங்க் புதிது, உங்களுக்கு லாபம். கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

இரண்டாவது, டிரெயினர். நல்ல விஷயம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் இல்லை. 2020ல் கொரோனாவுக்காக எல்லாம் முடங்கிய சர்க்கிட் பிரேக்கர் நேரத்தில் வீட்டுக்குள் மாட்டி ஓட்டிய பைக் ஏராளம். ரோட்டில் போகும்போது காற்று வியர்வையைக் கொண்டுபோய்விடும். வீட்டுக்குள், அதுவும் நம் ஊர் ஈரப்பதத்தில், நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் உப்பு வியர்வை சொட்டுச் சொட்டாக ஹேண்டில்பாரிலும், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டிலும், அது திரும்பும் கழுத்திலிருக்கும் ஹெட்செட் பேரிங்கிலும்தான் விழும். வெளியே பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும், ஹேண்டில் டேப்பைப் பிரித்தால் உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். டேப்புக்கு அடியில் அரித்துப்போன ஹேண்டில்பார் ஒரு நாள் பிரேக் பிடிக்கும்போது கையோடு வந்துவிடும். அதனால் டேப்பை ஓரமாகவாவது பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். புது டேப் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நேரில் பார்க்கும்போது கையில் ஒரு டார்ச், ஒரு 20 காசு, ஒரு ஆலன் கீ செட், ஒரு செயின் அளவுகோல் இருக்கட்டும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் அசையுங்கள், டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது அல்லது அரித்திருக்கிறது. சீட் போஸ்ட் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் மேலே கீழே இழுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டால் கார்பனும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் உங்கள் உயரத்துக்கு மாற்றவே முடியாது. கார்பனில் பெடல் அச்சு இருக்கும் இடம், முன்கழுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு கைகள், இங்கெல்லாம் டார்ச் அடித்து முடிக்கோடு மாதிரி ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே காசால் தட்டி வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கூர்மையாகக் கேட்கும், உள்ளே பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். இது முழு நிச்சயமான சோதனை இல்லை, ஆனால் மோசமான அடி வாங்கியதைக் காட்டிக்கொடுத்துவிடும். செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் 11 கியரில் மாற்ற வேண்டிய நேரம். அதையும் தாண்டி ஓட்டியிருந்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களான கேசட்டையும் தின்றிருக்கும். ரிம் பிரேக் என்பதால் ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள், குழிவாகத் தட்டுப்பட்டால் சக்கரமே போகும் காலம்.

செயின், கேசட், இரண்டு டயர், கேபிள், டேப், கூலி எல்லாம் சேர்ந்தால் 300 வெள்ளியை நெருங்கும். 1,100ம் 300ம் 1,400. தலைக்கவசத்துக்கு எங்கே காசு? விலை பேசும்போது இந்தக் கணக்கை விற்பவரிடமே சொல்லுங்கள், அவருக்கும் தெரியும்.

மண்டாய் மேடு

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. 165 உயரத்துக்கு 54 ஃபிரேமா? தம்பி, அந்தப் பைக் இலவசமாகக் கொடுத்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

வெறும் காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் மேலே வரைக்கும் இறுக்கி வைத்து, தரையிலிருந்து அளந்து பாருங்கள். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்த கிரெக் லெமாண்ட் பரப்பிய பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட் மேல்பாகம் வரையிலான உயரம். 0.65ஆல் பெருக்கினால் பழைய முறையில் ஃபிரேம் அளவு. உங்கள் உயரத்துக்குக் காலளவு 76 பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டால் ஃபிரேம் 49 அல்லது 50. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், 52 வரைக்கும் கூடப் பொருந்தலாம். 54 பொருந்தாது. ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றிச் சமாளிக்கலாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். சமாளிக்கலாம்தான், ஆனால் ஹேண்டில்பார் எட்டாமல் கையை நீட்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் ஓட்டினால் கழுத்தும் உள்ளங்கையும் என்ன பாடுபடும் என்று குள்ளமான எங்களைக் கேளுங்கள். ரோடு பைக் எனக்குச் சரிப்படவில்லை என்று ஓரம் கட்டியவர்களில் பாதிப் பேர் அளவு தப்பிய பைக்கைத்தான் ஓட்டியிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

என் உயரம் 157. பழைய சந்தையில் எனக்கான அளவு அபூர்வம், கிடைத்தாலும் யாராவது முந்திவிடுவார்கள். 54, 56தான் கொட்டிக் கிடக்கும். உங்கள் அளவு அவ்வளவு மோசமில்லை, பொறுத்தால் கிடைக்கும். அதுவரைக்கும் டெக்கத்லானிலோ வேறு பெரிய கடையிலோ போய் வெவ்வேறு அளவில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். எந்த அளவில் முழங்கை லேசாக மடிந்து, தோள் தளர்வாக இருக்கிறது என்பதைக் கவனித்து, அந்த மாடலின் ஸ்டேக், ரீச் எண்களை (பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்கழுத்து உச்சி வரையிலான உயரமும் முன்னோக்கிய நீளமும்) குறித்துக்கொள்ளுங்கள். 50, 52 என்ற பெயர் கம்பெனிக்குத் தகுந்தபடி மாறும், இந்த இரண்டு எண்ணையும் எந்தக் கம்பெனியும் ஒரே முறையில்தான் அளக்கும். அப்புறம் கேரோசலில் எதைப் பார்த்தாலும் அந்த மாடலின் அட்டவணையைத் தேடி ஒப்பிட்டுவிடலாம்.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூன்று கிலோதான் உங்களை இழுக்கிறது. நீங்களும் பைக்கும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்தால் 83, 84 கிலோ. அதில் மூன்று கிலோ என்பது நான்கு சதவீதம் கூட இல்லை. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் ஐந்து நிமிடம் மிதித்தால் பத்துப் பதினோரு விநாடி மிச்சமாகும். சாங்கிப் பக்கம் தட்டை ரோட்டில் அதுவும் கிடையாது, அங்கே உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். குனிந்து சௌகரியமாக உட்கார முடிகிற பைக்தான் அங்கே வேகமான பைக். மறுபடியும் அளவுக்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

குழுவோடு ரோட்டில் போவதால் இன்னொன்று. தலைக்கவசம் ரோட்டில் கட்டாயம், அதை மிச்சக் காசில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். விடியற்காலை இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து வரிசையாகப் போனால் ஐந்து பேர், ஜோடியாகப் போனால் பத்துப் பேர்தான் ஒரு குழு. உங்கள் நண்பர்கள் அதற்கு மேல் இருந்தால் பிரிந்து போகச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் 200 வெள்ளியாவது தனியாக எடுத்து வையுங்கள், பைக்குக்கு 1,300தான்.

சாங்கி காற்று

அக்கா சொன்ன அளவு விஷயத்தில் மறுபேச்சில்லை. ஆனால் அந்த 54 வேண்டாம் என்பதால் புதுசை வாங்கிவிட வேண்டும் என்று ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

பழைய அலுமினியம், ஷிமானோ 105 (அல்டெக்ராவுக்கு ஒரு படி கீழே), ரிம் பிரேக். பெரும்பாலான கம்பெனிகள் டிஸ்க்குக்குப் போய்விட்டதால் நல்ல ரிம் பிரேக் பைக் எல்லாம் விலை விழுந்து கிடக்கிறது. 105 ஆர்7000 வந்தது 2018ல், 11 கியர், இன்றைக்கும் பாகங்கள் கிடைக்கும், ஸ்பேனர் அண்ணன் சொன்ன அந்த கிராங்க் பட்டியலில் 105 கிடையாது. அலுமினிய ஃபிரேமில் நசுங்கல், விரிசல் கண்ணுக்குத் தெரியும், காசு வைத்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த வருடம் உங்களுக்கு ஆர்வம் கூடி வேறு வாங்கினாலோ, ஆர்வம் போய்விட்டாலோ, வாங்கின விலையில் நூறு வெள்ளிதான் குறையும். புதுப் பைக் கடை வாசலைத் தாண்டினதும் முந்நூறு நானூறு போய்விடும்.

சோராவை நான் குறை சொல்லவில்லை, நன்றாக உழைக்கும். அதன் பின்பக்கக் கேசட்டில் பெரிய பல் 32 வரை இருந்தால் ஏற்றத்தில் பழைய அல்டெக்ராவைவிடக் கால் வலிக்காது. சாங்கி முனையில் பம்போட் படகில் பைக்கை ஏற்றிக்கொண்டு மலேசியாவின் பெங்கேராங் போய் டெசாரு வரைக்கும் ஓட்டும்போது அது புரியும். ஆனால் சோரா வரிசையின் இடத்துக்கு ஷிமானோ கியூஸ் என்ற புது வரிசையைக் கொண்டுவருகிறது, அதனால் கடையில் நிற்கும் சோரா பைக்குக்கு 1,250 முழு விலை கொடுக்காதீர்கள். பேசுங்கள், குறைப்பார்கள்.

எங்கே வாங்குவது என்பதுதான் இதில் முக்கியம். தனி ஆளிடம் வாங்கினால் வாங்கியதுதான், கேட்க நாதி கிடையாது. பழைய பைக் வாங்கி, பழுது பார்த்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே நூறு, நூற்றைம்பது வெள்ளி அதிகம் இருக்கும், கொடுங்கள். 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். செயின் தேய்மானத்துக்கெல்லாம் இது செல்லாது, பழையது என்று தெரிந்துதானே வாங்குகிறோம். அதே போல ஜயண்ட் மாதிரி கம்பெனிகள் ஃபிரேமுக்குத் தரும் வாழ்நாள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், இரண்டாவது கைக்கு வராது. "வாரண்டி இருக்கிறது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

ரிம் பிரேக்கில் ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். மழையில் பிடிக்க ஒரு நொடி கூடுதலாகும், முதல் சுற்றில் ரிம்மிலிருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கவ்வும். மாலையில் வேலை முடிந்து இடி மழையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் டிஸ்க்தான் நல்லது. ஞாயிறு காலைக்கு ரிம் தாராளமாகப் போதும்.

செங்காங் புதியவன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அக்கா, அளந்து பார்த்தேன், காலளவு 75.5. நேற்று கடையில் ஏறிப் பார்த்ததில் 50ல் உட்கார்ந்ததும் உடம்பு தானாகத் தளர்ந்தது, 54ல் கை நீண்டு தோள் ஏறிக்கொண்டது. ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. கேரோசல் பைக்கை விட்டுவிட்டேன். கிராங்க் குறியீட்டையும் கேட்டுப் பார்த்தேன், "அதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார், படம் வரவில்லை.

சாங்கி காற்று அண்ணன் சொன்ன மாதிரி பழைய பைக் விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன். அலுமினியம், 105, ரிம் பிரேக், அளவு 50, கேட்பது 780. போனில் பேசியவருக்கு அது 5800ஆ ஆர்7000ஆ என்று தெரியவில்லை. புதிதாகச் செயின் போட்டிருக்கிறார்களாம். சனிக்கிழமை காலையில் போகிறேன். வாங்கினால் அதை எம்ஆர்டி ரயிலில் கொண்டுவர விடுவார்களா? இன்னும் ரோட்டில் நெடுந்தூரம் ஓட்டிப் பழக்கமில்லை. வீட்டில் எங்கே நிறுத்துவது என்றும் யோசனையாக இருக்கிறது, வாசலில் நிறுத்தலாம்தானே?

உபி ஸ்பேனர்

எம்ஆர்டியில் மடக்குச் சைக்கிள் மட்டும்தான் தம்பி, ரோடு பைக்கை விட மாட்டார்கள். ஆறு பேர் உட்காரும் வண்டி ஒன்றை அழையுங்கள். பைக் இருக்கிறது என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முன்சக்கரத்தைக் கழற்றினால் பின்னால் போய்விடும். எப்படிக் கழற்றி மாட்டுவது என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், பங்சர் ஆகும்போது உங்களுக்கு அது வேண்டும்.

வாசலில் வைப்பதென்றால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், பல புளோக்கில் அவ்வளவு அகலமே கிடையாது. கீழே சைக்கிள் நிறுத்தத்தில் விடாதீர்கள், திருட்டுப் போகும், மழைச் சாரலும் அடிக்கும். சுவரில் மாட்டும் கொக்கி ஒன்று வாங்கி ஹாலில் தொங்கவிடுங்கள்.

5800ஆ ஆர்7000ஆ என்று கிராங்கின் உள்பக்கம் பார்த்தால் தெரியும், எஃப்சி என்று தொடங்கும் எண் பொறித்திருக்கும். ஆர்7000 என்றால் 780 நியாயமான விலை. 5800 என்றால் 2014ல் வந்த வரிசை, 650க்கு மேல் கொடுக்காதீர்கள். புதுச் செயின் போட்டிருக்கிறார்கள் என்றால் கேசட்டைக் கட்டாயம் பாருங்கள். பழைய கேசட்டில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும், அதனால் கடைக்கு வெளியே ஏதாவது மேட்டில் ஒவ்வொரு கியரிலும் நின்று மிதித்துப் பாருங்கள். அடியில் பெடல் அச்சுக்குக் கீழே வரிசை எண் இருக்கும், அதைப் படம் எடுத்து ரசீதிலும் எழுதி வாங்குங்கள். சுரண்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவதும் குற்றம்தான்.

நான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். கடை எந்தப் பக்கம் என்று தனிச் செய்தி அனுப்புங்கள், செயின் அளவுகோலோடு வந்துவிடுகிறேன்.